அமுச்சி வீட்டு விலாசம்

பையைத் திறந்ததும் பாச்சை உருண்டையின் நெடி கட்டிலைச் சுற்றி நிற்கிறது. பிள்ளை பெற்றவளின் அம்மா, பிள்ளைக்கு அமுச்சி, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். நெகமம் நூல் சேலை. உடுத்தி உடுத்தி வெளுத்ததை நாலாகக் கிழித்து, ஓரம் மடித்துக் கையால் தைத்திருக்கிறார். பிறந்த குழந்தையின் தோலுக்கு இதைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷமே எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டதாகப் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அந்த வழியாகப் போன சிஸ்டர் நின்று, குனிந்து, ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்க்கிறார்.

“ஏனுங்கம்மா, பாச்சை உருண்டை போட்டு வெச்சிருந்தீங்களா?”

“ஆமா கண்ணு. போடாட்டி பூச்சி அரிச்சுப்போடுமே.”

“இதுல புள்ளையச் சுத்த வேண்டாமுங்க. தொவச்சாலும் இந்த நெடி லேசுல போகாது. வேற துணி இல்லீன்னா நான் தர்றேன்.”

அமுச்சியின் முகம் சுண்டிப்போகிறது. “எங்க புள்ளைக எல்லாம் இதுல சுத்தித்தான வளந்துச்சு?”

“வளந்துச்சுங்க. வளராமப் போனதுகளும் இருந்துச்சில்லீங்களா? எதனாலன்னு அப்பத் தெரியலீங்க.”

அமுச்சி பதில் சொல்லவில்லை. துண்டுகளை மறுபடி பைக்குள் வைக்கிறார். அவருக்கு யாரோ ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

சில குழந்தைகளின் ரத்தச் சிவப்பணுக்களில் ஜி6பிடி என்ற நொதி குறைவாக இருக்கும். பெரும்பாலும் ஆண் குழந்தைகள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பாச்சை உருண்டையில் இருக்கும் நாப்தலின் மூச்சு வழியாகவோ தோல் வழியாகவோ உள்ளே போனால் அந்த அணுக்கள் உடையத் தொடங்கும். மஞ்சள் காமாலை கிடுகிடுவென ஏறி, மூளை வரைக்கும் போய்விடலாம். மருதாணியும் அப்படித்தான். பிஞ்சு விரலுக்கு ஆசையாக வைத்துவிடும் மருதாணி இந்தக் குழந்தைகளுக்கு ஆகாது. காமாலை வந்த பிறகு கண்டுபிடிப்பது ஒரு வகை. வருமுன்னே, குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே, குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தெரிந்துகொள்வது இன்னொரு வகை. இந்த வார்டில் நடப்பது இரண்டாவது.

கோவையில் ஒரு ஆஸ்பத்திரி. பெயர் இங்கே முக்கியமில்லை. எங்கள் வீட்டுப் பெண்ணின் பிரசவத்துக்குத் துணைக்கு வந்தவர்களில் நானும் ஒரு ஆள். செய்ய வேலை அதிகமில்லை. ஃபிளாஸ்க்கில் சுடுதண்ணீர் வாங்கி வர வேண்டும், கூப்பிட்டால் மாத்திரைச் சீட்டோடு ஓட வேண்டும். மற்ற நேரமெல்லாம் சுவரோரத்து பெஞ்சு. அங்கிருந்து பார்த்தால் சிஸ்டரின் மேசை நேரே தெரிகிறது.

சூலூர், அன்னூர், கிணத்துக்கடவு, ஆனைகட்டி என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறார்கள். திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரப் பெண் ஒருத்தி ஜன்னலோரக் கட்டிலில். தெலுங்கு பேசும் வீடு ஒன்று, மலையாளம் கலந்து பேசும் வீடு ஒன்று. குழந்தைகளுக்கு இன்னும் பெயர் கிடையாது. மணிக்கட்டுப் பட்டையில் தாயின் பெயர்தான் இருக்கிறது. ஒரே வார்டில் இரண்டு கவிதா இருந்தால் சிஸ்டர் பெயரை நம்புவதில்லை; பதிவெண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பட்டையோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் அட்டையைத் தொடுகிறார்.

அந்த அட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். தடித்த வடிதாள், அதில் அச்சடித்த சின்னச் சின்ன வட்டங்கள். சிஸ்டர் முதலில் குழந்தையின் பாதத்தை வெதுவெதுப்பான துணியில் சற்று நேரம் சுற்றி வைக்கிறார். சூடு பட்டால் ரத்தம் தானாக இறங்கி வரும். தாயை மார்பில் அணைத்துப் பால் கொடுக்கச் சொல்கிறார், வலி குறையும். பாதத்தை இடது கையில் பிடித்து, குதிகாலின் ஓரத்தைத் தேர்ந்தெடுக்கிறார். நடுவில் குத்தவே கூடாது. அங்கே எலும்பு மேலாக இருக்கிறது. ஊசி இரண்டு மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இறங்கலாம். சுருக். குழந்தை ஒரு கணம் பால் குடிப்பதை நிறுத்தி, வாயைப் பிளந்து, பிறகுதான் அழுகிறது. தாயும் கூடவே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார்.

முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிடுகிறார். இரண்டாவது சொட்டு கனத்துத் தொங்கும் வரை காத்திருக்கிறார். அட்டையைக் காட்டியதும் தாள் அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு வட்டத்துக்கு ஒரு சொட்டு. ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் கணக்குத் தப்பிவிடும். காலைப் பிதுக்கினால் நீர் கலந்துவிடும். எல்லா வட்டமும் நிறைந்ததும் அட்டையைத் தாங்கியில் படுக்கைவாட்டில் வைக்கிறார். வெயில் படாமல், எதுவும் மேலே உரசாமல் மூன்று நான்கு மணி நேரம் காய வேண்டும். வேலை முடிந்ததும் அழுத குழந்தையின் பாதத்தைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிடுகிறார். எந்தக் கையேட்டிலும் அது எழுதியிருக்காது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் செய்கிறார்.

இந்தத் தாள் வந்த கதை எனக்குப் பிடித்த கதை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ராபர்ட் கத்ரி என்ற ஆராய்ச்சியாளர் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. அவருடைய மகனுக்கு மனவளர்ச்சிக் குறைபாடு. உறவில் ஒரு பெண் குழந்தைக்கு பினைல்கீட்டோனூரியா என்ற வளர்சிதைமாற்ற நோய்; உணவில் உள்ள ஒரு பொருளை உடல் செரிக்க முடியாமல் அது மூளையைக் கெடுத்துவிடும். முன்கூட்டியே தெரிந்திருந்தால் உணவை மாற்றியே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் தெரியவரும்போது காலம் கடந்திருந்தது. காய்ந்த ஒரு சொட்டு ரத்தமே சோதனைக்குப் போதும், அதைத் தபாலில்கூட அனுப்பலாம் என்று அவர் காட்டினார். 1963இல் மாசசூசெட்ஸ் மாநிலம் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் சட்டமாக்கியது. அடுத்த பத்தாண்டில் கனடாவின் கியூபெக்கில் ழான் துசோ அதே காய்ந்த சொட்டில் தைராய்டையும் பார்க்க வழி கண்டார். நம் ஊருக்கு மிகவும் வேண்டியது அந்தத் தைராய்டு சோதனைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை உள்பட பல நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைச் சோதித்தது. பிறவித் தைராய்டு குறைபாடு 1,130 குழந்தைகளில் ஒருவருக்கு இருந்தது. தென்னிந்தியாவில் அந்த விகிதம் இன்னும் கூடுதல். மேலை நாடுகளின் பழைய கணக்கோடு ஒப்பிட்டால் இது மிக அதிகம். அங்கே மூவாயிரம், நாலாயிரத்தில் ஒன்று என்பார்கள். கர்ப்பத்தில் தாயின் ஹார்மோன் கொஞ்சம் பிள்ளைக்கும் போவதால், பிறக்கும்போது பெரும்பாலான குழந்தைகளிடம் எதுவும் தெரியாது. எடை சரியாக இருக்கும், மூக்கும் முழியும் சரியாக இருக்கும். தாயிடமிருந்து வந்தது தீரத் தீர மூளை பட்டினி கிடக்கத் தொடங்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மற்றக் குழந்தைகளைப் போலவே படிக்கும், ஓடும், சண்டை போடும். மாசக்கணக்கில் தள்ளிப்போனால் போனது போனதுதான்.

இதற்காகத்தான் அந்த மேசையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பிறந்த அரைமணி நேரத்தில் குழந்தையின் உடம்பில், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் தாறுமாறாக ஏறும். வெளியுலகக் குளிருக்கு உடம்பு தயாராகும் விதம் அது. உடனே ரத்தம் எடுத்தால் நல்ல குழந்தையும் நோயாளியாகத் தெரியும். 48 மணி நேரம் கழிந்து எடுத்தால் நம்பலாம். அவசரமென்றால் ஒரு நாளாவது போக வேண்டும். வீட்டுக்காரர்களின் அவசரமோ வேறு. இன்று நாள் நன்றாயிருக்கிறது, நாளை செவ்வாய்க்கிழமை, ராகு காலத்துக்கு முன்னால் படியிறங்கிவிட வேண்டும் என்று ஒரு மாமனார் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

“இன்னிக்கே தாட்டி உட்ருங்க சிஸ்டர். வண்டி வந்து நிக்குது.”

“நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு எடுத்துட்டு ஒம்பதுக்கெல்லாம் அனுப்பிச்சுர்றனுங்க.”

“நாளைக்குச் செவ்வாயில்லீங்க?”

“செவ்வாய்தானுங்க. ஒம்பது மணிக்குள்ள நல்ல நேரம் வருதான்னு பாத்துச் சொல்லுங்க, நான் ஏழுக்கே எடுத்துர்றேன்.”

அவர் காலண்டர் பார்க்கப் போகிறார். நான் பார்த்தவரையில் இந்த சிஸ்டர் யாருடைய நம்பிக்கையோடும் மல்லுக்கு நிற்பதில்லை. நேரத்தை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

காது சோதனைக்கு ஒரு பெண் சின்னப் பெட்டியோடு வருகிறார். தூங்கும் குழந்தைதான் வேண்டும். காதில் மெத்தென்ற குமிழை வைத்தால், உள்ளே போகும் ஒலிக்குக் காதுநத்தை திருப்பி அனுப்பும் மெல்லிய ஒலியைக் கருவி பிடிக்கிறது. பாஸ் என்று வந்தால் சரி. ரெஃபர் என்று வந்தால் செவிடு என்று அர்த்தமில்லை, காதில் பிரசவ நீர் இருந்தாலும் அப்படி வரும், மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வீட்டாருக்கும் பொறுமையாகச் சொல்கிறார். “தட்டத் தட்டுனாத் திரும்பிப் பாக்குதுங்களே” என்கிறார் ஒரு அப்பத்தா. தட்டின் அதிர்வுக்கும் குழந்தை திரும்பும். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். ஆனால் பேச்சு வர வேண்டிய வயதைத் தாண்டிக் கண்டுபிடித்தால் அந்தக் கருவியாலும் பாதிதான் ஆகும். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது அவர்களுடைய கணக்கு.

வலது கையிலும் ஒரு காலிலும் சிவப்பு விளக்குப் பட்டையைச் சுற்றி ஆக்சிஜன் பார்ப்பது இருப்பதிலேயே எளிது. ஊசி இல்லை, வலி இல்லை. 95 இருக்க வேண்டும், கைக்கும் காலுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் கூடாது. பிறவி இதயக் கோளாறுகளில் ஆபத்தானவை பலவற்றை இந்த ஒன்றே காட்டிக்கொடுத்துவிடும். குறைமாதக் குழந்தைகளுக்குக் கண் சோதனையும் உண்டு. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்த ஒரு மாதத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். அவிநாசி ரோட்டு அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து கேமராவோடு வண்டி கட்டிக்கொண்டு பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளுக்கே போய்ப் பார்த்திருக்கிறார்கள். இன்குபேட்டரில் இருக்கும் பிள்ளையைக் கோவைக்குத் தூக்கிவா என்று சொல்லாமல் கண் டாக்டரின் கருவி அங்கே போகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனம் நிறைந்துவிடும்.

ஆனைகட்டிப் பக்கமிருந்து வந்த இருளர் பெண்ணிடம் சிஸ்டர் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார். ஊரில் யாருக்காவது அடிக்கடி கை கால் மூட்டு வலி, ரத்தம் குறைவு, மஞ்சள் கண் உண்டா? அந்தப் பெண் யோசித்து, அண்ணனுக்கு உண்டு என்கிறார். சிஸ்டர் தேடுவது அரிவாள் செல் நோயை. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரின் ரத்தத்தைப் பார்த்துத்தான் இந்தியாவில் அரிவாள் வடிவ ரத்த அணுக்கள் இருப்பதை உலகுக்குச் சொன்னார்கள். அதாவது இந்த வார்டின் ஜன்னலிலிருந்து வானம் தெளிந்த நாளில் தெரியும் அதே மலை. தேசிய அளவில் இந்த நோயை ஒழிக்கும் இயக்கம் தொடங்க 2023 ஆனது. எழுபது வருஷம். அந்த இடைவெளியை நினைக்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைக்கு ரத்தம் கொடுத்த ஜனங்களின் பிள்ளைகளுக்கு அந்த அறிவு திரும்பிப் போய்ச் சேர இவ்வளவு காலமா? பிறந்தவுடன் தெரிந்துவிட்டால் மூன்றாம் மாதத்துக்குள் பென்சிலின் தொடங்கி, தடுப்பூசிகளைச் சரியாகப் போட்டு, தொற்றில் சாகாமல் அந்தக் குழந்தையை வளர்த்துவிடலாம். ஜன்னலோரத்து ஒடிசாக்காரப் பெண்ணிடமும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். மேற்கு ஒடிசாவிலும் அந்த நோய் உண்டு. அவளுக்குத் தமிழ் வராது. கம்பெனியில் உடன் வேலை பார்க்கும் பெண் போனில் மொழிபெயர்க்கிறாள். கேள்வி புரிந்ததும் அவள் தலையை வேகமாக ஆட்டுகிறாள். இல்லை, எங்கள் வீட்டில் இல்லை. ஆனாலும் அட்டையில் அந்தக் கட்டத்தில் டிக் விழுகிறது.

இனி, அட்டையின் கீழ்ப்பாதி. வார்டில் இவ்வளவு நேரம் நான் பார்த்ததிலேயே முக்கியமானது அதுதான் என்று நினைக்கிறேன். பிறந்த நாள், நேரம், ரத்தம் எடுத்த நேரம், எடை, பால் குடித்ததா, ரத்தம் ஏற்றினார்களா. பிறகு, “சொந்தத்துலயா?”

“ஆமாங்க. மாமன் பையன்.”

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் 28 விழுக்காடு கல்யாணங்கள் சொந்தத்துக்குள்தான். இரு பக்கமும் ஒரே குறை மறைந்திருந்தால் பிள்ளைக்கு அது வெளிப்படும் வாய்ப்பு கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கேட்கும்போது மாமியார் பக்கத்தில் நிற்கிறார் என்பதை சிஸ்டர் அறிவார். விரைவாகக் கேட்டு, முகத்தை மாற்றாமல் எழுதி, அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். அந்தப் பதிலை வைத்து நாளைக்கு யாரும் அந்தப் பெண்ணைக் குத்திப் பேச இடம் தரக் கூடாது. மாமன் பையனைக் கட்டிவைத்தது அவள் இல்லை.

அடுத்தது விலாசம், போன் நம்பர். கணவன் சட்டென்று தன் நம்பரைச் சொல்கிறான். அன்னூர் விலாசம். சிஸ்டர் பேனாவை எடுப்பதில்லை.

“புள்ளை இங்கிருந்து எங்க போகுது?”

“அவிங்கம்மா ஊட்டுக்குங்க. வெள்ளகோயில் பக்கம்.”

“எத்தன மாசம்?”

“அஞ்சாம் மாசந்தான் கூட்டிட்டு வருவமுங்க.”

“அப்ப அந்த ஊட்டு விலாசம் சொல்லுங்க. அமுச்சி நம்பர் சொல்லுங்க.”

அமுச்சிக்குத் தன் நம்பர் தெரியாது. பொத்தான் போனைத் திருப்பிக் காட்டுகிறார். முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் பேரன் யாரோ பேனாவால் எழுதியிருக்கிறான். கடைசி எண் வியர்வையில் அழிந்துவிட்டது. ஒன்றா ஏழா? சிஸ்டர் அங்கேயே தன் போனிலிருந்து அடித்துப் பார்க்கிறார். ஒன்று இல்லை. ஏழு. அமுச்சியின் கையில் போன் அலறுகிறது. அட்டையில் எழுதிக்கொள்கிறார். பிறகு பக்கத்து வீட்டு நம்பரும் ஒன்று கேட்டு எழுதுகிறார்.

கொங்கு நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு, தாய்வீட்டுப் பொறுப்பு. பிள்ளை வளரும் முதல் மாதங்கள் அமுச்சி, அப்புச்சி வீட்டில். விண்ணப்பத்தில் இருப்பதோ அப்பன் வீட்டு விலாசம். இந்த இரண்டுக்கும் நடுவே எழுபது எண்பது கிலோமீட்டர். சொட்டு ரத்தம் ஆய்வகத்துக்குப் போய்ச் சேருவது எளிது, கருவி எண்ணைச் சொல்வதும் எளிது. அந்த எண் எந்தப் பிள்ளையுடையதோ அந்தப் பிள்ளை இன்று எந்த வீட்டுத் தொட்டிலில் கிடக்கிறது என்பதைத்தான் யாராவது மெனக்கெட்டுத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அது தெரியாவிட்டால் குத்திய வலிதான் மிச்சம்.

அதையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் வீட்டுக் குழந்தையை மறுமுறை காட்டப் போன அன்று, சோதனைப் பிரிவு ஜன்னலுக்கு உள்ளே ஒரு இளைஞன் ஒரே நம்பரைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். அணைக்கப்பட்டுள்ளது. மறுபடி. அணைக்கப்பட்டுள்ளது. அது வேறு நாளில், வேறு கையால் நிரப்பப்பட்ட அட்டை. ஒரே ஒரு நம்பர். அப்பா ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு. உள்ளே போன் கூடாது. டி.எஸ்.எச். 20ஐத் தாண்டினாலே திரும்பக் கூப்பிட வேண்டும். இந்தக் குழந்தைக்கு எழுபதுக்கு மேல். பிறந்து பதினோராம் நாள்.

இளைஞன் எழுந்து போய் டாக்டரிடம் சொல்கிறான். கர்ப்பப் பதிவு எண்ணைப் பாருங்கள் என்கிறார் அவர். தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானதும் தாய்க்கு ஒரு எண் தருவார்கள். பிறப்புச் சான்றிதழுக்குக்கூட அது வேண்டும். அந்த எண்ணைப் பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பிடித்து, அங்கிருந்து கிராம சுகாதார நர்சைப் பிடிக்கிறார்கள். நர்சம்மாவுக்கு விலாசம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னதுமே, “அவ இங்க இல்லீங்க, தாராபுரத்துல அம்மா ஊட்ல இருக்கறா, நான் அங்கத்த நர்சுக்குச் சொல்லி ஆள அனுப்பறேன்” என்றாராம். 99 விழுக்காட்டுக்கு மேல் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் இது. ஒவ்வொரு தெருவிலும் யார் முழுகாமல் இருக்கிறார்கள் என்று தெரிந்த நர்சம்மாக்கள் இருக்கும் மாநிலம். இவ்வளவு பெரிய பலத்தை வைத்துக்கொண்டு, எந்தக் குழந்தைக்கு எந்தச் சோதனை என்பதை மட்டும் பிறந்த இடத்தின் அதிர்ஷ்டத்துக்கு விட்டிருப்பது எனக்கு ஏற்கவே முடியாத விஷயம். பிறவிக் குறைகளைக் குழந்தைப் பருவத்திலேயே கண்டறிய மத்திய அரசின் திட்டம் 2013இலேயே வந்துவிட்டது. மாவட்டம்தோறும் அதற்கான மையங்களும் உண்டு. ஆனால் குதிகால் ரத்தச் சோதனை நாடு முழுவதும் கட்டாயம் என்று இன்னும் ஆகவில்லை. வாளையாரைத் தாண்டினால் கேரளத்தில் ‘சலபம்’ என்ற பெயரில் அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் பிள்ளைகளுக்கு இதயம், காது, ரத்தம் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். கோவா 2008லேயே தொடங்கியது. காசுள்ளவர் தனியாரில் நாற்பது ஐம்பது நோய்களுக்கு ஒரே கட்டணமாகக் கட்டிப் பார்த்துக்கொள்கிறார். தைராய்டு ஒன்றையாவது ஒரு பிள்ளைகூட விடாமல் பார்த்துவிட்டால், இந்த ஜில்லாவில் எத்தனை வீடுகளின் கதை மாறும்!

மறுநாள் காலையில் தாராபுரத்திலிருந்து வந்துவிட்டார்கள். பச்சை உடம்புக்காரியைப் பஸ்ஸில் கூட்டி வரக்கூடாது என்று வாடகைக் கார். காதில் பஞ்சு, தலையில் துணி சுற்றிய தாய். கையில் துணிப்பொட்டலமாகக் குழந்தை. பேசுவதெல்லாம் அமுச்சிதான்.

“எதுக்குங்க டாக்டர் கூப்டீங்க? என்ற பேரனுக்கு ஒண்ணுமில்லீங்க. அழுகவே மாட்டானுங்க. ராத்திரி பூராத் தூங்குவான். பாலுக்குக்கூட நாமதான் எழுப்போணும். இந்த மாதிரி தங்கமான கொழந்தைய எங்கூர்லயே பாத்ததில்லீன்னு எல்லாரும் சொல்றாங்க.”

டாக்டர் அம்மா துணியை விலக்குகிறார். கன்னத்தில் மஞ்சள் இன்னும் இறங்கவில்லை. தொட்டால் தோல் சில்லென்றிருக்கிறது என்கிறார். நாக்கு கொஞ்சம் தடிப்பு. வெளிக்குப் போய் எத்தனை நாள்? மூன்று நாளாம். அழவைத்துப் பார்க்கிறார். குரல் கரகரவென்று தணிந்து வருகிறது. ஊர் மெச்சிய அமைதி முழுவதும் அந்த மேசையில் ஒவ்வொரு அறிகுறியாக மாறுவதை அமுச்சி பார்த்துக்கொண்டே நிற்கிறார். “தூங்குமூஞ்சின்னு நெனச்சமுங்க” என்கிறார், மெல்ல.

“உங்க தப்பில்லீங்கம்மா. பாத்தா யாருக்கும் தெரியாது. பன்னெண்டு நாள்லயே வந்துட்டீங்க. இப்பவே ஆரம்பிச்சா நல்லா வருவான்.”

கையில் ஊசி குத்தி மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள், உறுதி செய்ய. அந்த முடிவுக்குக் காத்திராமல் அன்றைக்கே மாத்திரை. மூன்று கிலோ குழந்தைக்கு 25 மைக்ரோகிராம் மாத்திரையில் ஒன்றரை. மாத்திரை ரொம்பச் சின்னது. டாக்டர் ஒன்றை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கிக் காட்டுகிறார். சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கரண்டியாலேயே நாக்கில் விட வேண்டும். நிறையப் பாலில் கலந்தால் பாதி அடியில் தங்கிவிடும். தினமும் ஒரே நேரம். இரும்புச்சத்து, கால்சியம் சொட்டு மருந்து எது கொடுத்தாலும் இதோடு சேர்க்கக் கூடாது. உரை மருந்து வேண்டாம்.

“எத்தன நாளைக்குங்க?”

“மூணு வயசு வரைக்கும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. அதுக்கப்புறம் நிறுத்திப் பாத்து முடிவு பண்ணுவோம். சில பேருக்கு ஆயுசுக்கும் வேணும், சில பேருக்கு விட்ரும். ரெண்டு வாரத்துல ஒரு ரத்தம் பாக்கோணும். புதன்கிழமை வாங்க.”

“அன்னிக்கு ஊர்ல மாரியம்மன் நோம்பிங்களே…” என்று அமுச்சி தொடங்குகிறார்.

அதுவரை வாய் திறக்காத தாய் குறுக்கிடுகிறாள். “நோம்பிக்கு நீங்க இருங்கம்மா. நான் அவிகளக் கூட்டிட்டு வர்றேன்.” பிறகு டாக்டரைப் பார்க்கிறாள். “மாத்திரை குடுத்து ஒடனே கக்கிட்டான்னா மறுக்காக் குடுக்கலாங்களா?”

“குடுத்த ஒடனேயே கக்கிட்டா மறுபடி குடும்மா. அரைமணி நேரம் கழிச்சுன்னா வேண்டாம்.”

“ரெண்டு கரண்டிலயும் ஒட்டிட்டிருக்கற தூளுங்க?”

“இன்னும் ரெண்டு சொட்டுப் பால் விட்டு வழிச்சுக் குடுத்துரு.”

அவள் தலையாட்டிவிட்டு, கரண்டிகளை வாங்கி, மீதி அரை மாத்திரையை அங்கேயே தானே நசுக்கத் தொடங்குகிறாள்.